பெப்சிப் பாசியும் பெயரில்லாச் சீட்டும்

1

எங்க பெரியம்மா வீட்டு அடுக்குப்பானையில் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு கிடந்தது. பீடிக்கட்டு அளவு இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரிகள்: எடை, கழிவு, மீதி. ஈரம், மணல், சிப்பி என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக் கழித்தது போக மிச்சம் எவ்வளவு கிலோவோ அதற்குக் காசு. கையெழுத்து கிடையாது. தேதிகூடப் பல சீட்டில் இல்லை. வாங்கியவன் யார், யாருக்காக வாங்கினான், அது எங்கே போனது என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை.

பெரியம்மா வாக்கப்பட்டது கடலாடி வட்டத்துக் கடற்கரையில், மாரியூர்ப் பக்கம். கடலாடி என்ற ஊரின் பெயரில்தான் கடல் இருக்கிறதே தவிர ஊரில் கருவேலங்காடும் கரிமூட்டமும்தான். தெற்கே பல மைல் போனால்தான் வாலிநோக்கம், மாரியூர், முந்தல், மூக்கையூர் என்று கடல் ஆரம்பிக்கும். அங்கே பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். அவர் நாற்பது வயதுவரை போனார். 'சீட்டுல கம்பெனி பேரு இல்லையே பெரியம்மா' என்று ஒருமுறை கேட்டேன். 'பேரு எதுக்குய்யா, எடையப் போட்டாப் போதாதா' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'எடையவும் ஒழுங்காப் போட மாட்டான்' என்றார்.

இதே கடற்கரையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் தெப்பம் கட்டி வளர்க்கப்படும் ஒரு பாசிக்கு மக்கள் வைத்த பெயர் 'பெப்சிப் பாசி'. அதன் அறிவியல் பெயர் காப்பாஃபைகஸ் ஆல்வரேசி. அதை இங்கே வணிகமாக வளர்க்க வைத்த கம்பெனி 2008-இல் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பெயர் போகவில்லை.

சீட்டில் கம்பெனி இல்லை, செடியில் கம்பெனி இருக்கிறது. பொறுப்பு எழுதப்பட வேண்டிய இடத்தில் பெயர் மறைகிறது. விளைவு தங்கிய இடத்தில் பெயர் நிலைக்கிறது. 'வணிகமும் மனித உரிமையும்' என்று இன்று உலக அளவில் பேசப்படும் சொல்லாடலை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்து வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

2

அந்தச் சொல்லாடலின் மையச் சொல் 'ரிஸ்க்'. ஆபத்து, இடர் என்றெல்லாம் தமிழில் சொல்கிறோம். ஆனால் யாருடைய ஆபத்து என்ற கேள்வியை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. கம்பெனியின் நிர்வாகக்குழு 'மனித உரிமை ரிஸ்க்' என்று பேசும்போது பெரும்பாலும் மனிதருக்கு நேரும் ஆபத்தைப் பேசுவதில்லை. மனிதருக்கு ஏதாவது நேர்ந்து அதனால் கம்பெனிக்கு வரக்கூடிய ஆபத்தைத்தான் பேசுகிறது. வழக்கு, கெட்ட பெயர், பங்குவிலைச் சரிவு.

இது புதுசு என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் இந்த 'மேலாண்மை'க்கு நீண்ட வரலாறு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு வியாபாரிகள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததையும், சுறா முதலான மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததையும் சொல்கிறார். இந்த மந்திரக்காரர்களின் தமிழ்ப் பெயர் கடல்கட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் முத்துக்குளிப்பை நடத்தியபோதும் கடல்கட்டிக்கு அரசே சம்பளம் கொடுத்தது. துரைமார்களுக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் கொடுத்தார்கள்? கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டேன் என்றார்கள். அவர்கள் இறங்காவிட்டால் முத்து இல்லை, வருமானம் இல்லை. அரசுக்கு ஆபத்து சுறா அல்ல, வேலை நிற்பதுதான். குளியாளுக்குச் சுறாதான் ஆபத்து.

இரண்டு ஆபத்துகளும் ஒரே ஆளின் சம்பளத்தில் சந்தித்தன. இன்று தொழிற்சாலைக்கு வந்து பட்டியலில் டிக் அடித்துப்போகும் சமூகத் தணிக்கையாளரை நவீன கடல்கட்டி என்று கேலி செய்யத் தோன்றும். செய்யலாம். ஆனால் அந்தக் கேலியில் ஒரு பிழை இருக்கிறது. கடல்கட்டியைக் கேட்டு வாங்கியவர்கள் குளியாட்கள். 'இவன் இல்லாவிட்டால் இறங்கமாட்டோம்' என்று சொல்லும் பலம் அவர்களிடம் இருந்தது. அது மூடநம்பிக்கையின் வடிவத்தில் இருந்த பேரம். இன்றைய தணிக்கையாளரை வேலைக்கு வைப்பது கம்பெனி. தொழிலாளி அவரைக் கேட்கவுமில்லை, மறுக்கவும் முடியாது. முன்னேற்றம் எந்தத் திசையில் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குகளைப் பொதுவில் விற்று நடந்த உலகின் முதல் பெரும் கம்பெனி என்று வணிகவியல் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. 1658-இல் அது போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. சேதுபதிகளோடு ஒப்பந்தங்கள் போட்டது. முத்து, சங்கு, துணி எல்லாம் வாங்கியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தபோது சோழமண்டலக் கரையிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்தவர் யாரையும் தன் கையால் விலங்கிடவில்லை. லாபம் ஓரிடத்தில், விலங்கு இன்னோரிடத்தில் என்ற இந்தத் தூரம்தான் கம்பெனி என்ற வடிவத்தின் கண்டுபிடிப்பு. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று பின்னால் சட்டத்தில் பெயர் வைத்தார்கள். 'வரையறுக்கப்பட்ட லாபம்' என்று யாரும் வைக்கவில்லை.

3

பாசிக்கு வருவோம். அகர் என்ற பசைப்பொருளுக்கு உலகம் ஜப்பானை நம்பியிருந்தது. இரண்டாம் உலகப்போர் அந்த வழியை அடைத்தபோது இந்தியக் கடற்கரைகளில் அகர்ப் பாசி தேடப்பட்டது. 1960களில் மதுரை வட்டாரத்தில் சிறு அகர் ஆலைகள் வந்தன. மன்னார் வளைகுடாவில் வணிகப் பாசி எடுப்பு அப்போதுதான் சூடுபிடித்தது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்கு. கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற இன்னொரு பசைக்கு. மரிக்கொழுந்துக்குத்தான் விலை அதிகம், அது பாறையில் ஒட்டிக்கிடப்பதால் எடுப்பதும் கஷ்டம். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சை அடக்கி முங்க வேண்டும். ஐஸ்கிரீமின் வழுவழுப்பும் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி வளர்க்கும் கூழும் இந்த மூச்சிலிருந்து வருகின்றன.

காப்பாஃபைகஸின் கதை வேறு. அதிலிருந்து கேரஜீனன் என்ற பசை வருகிறது. பற்பசை, சாக்லேட் பால், இறைச்சிப் பண்டம் எல்லாவற்றிலும் அது உண்டு. 1960களின் இறுதியிலும் 70களிலும் ஹவாய்ப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மேக்ஸ்வெல் டோட்டி, ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து பிலிப்பைன்ஸ் கடலில் அதைப் பயிரிடும் முறையை உருவாக்கினார். 1974-இல் ஹவாயின் கனேயோஹே வளைகுடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பவளப்பாறைமேல் படர்ந்து இன்றுவரை தலைவலியாக இருக்கிறது. ஆக, ஆபத்து தெரியாத ஒன்றல்ல. தெரிந்தவர்களின் ஆவணத்தில் இருந்தது, தெரியாதவர்களின் கடலுக்கு வந்தது.

இந்தியாவில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்து, 1990களில் மண்டபம் கடலுக்குக் கொண்டுவந்தது. 2000-இல் பயிரிடும் தொழில்நுட்பத்துக்கான உரிமம் பெப்சிகோவின் இந்தியக் கிளைக்குப் போனது. 1988-இல் இந்திய அரசின் அனுமதியை வாங்கும்போதே பஞ்சாபில் விவசாயத்தை வளர்ப்போம், ஏற்றுமதி செய்வோம் என்று வாக்குக் கொடுத்த கம்பெனி அது. தக்காளி, உருளைக்கிழங்குக்குப் பிறகு பாசி.

முறை இதுதான். மூங்கிலால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தெப்பம். கயிற்றில் விதைப்பாசியைக் கட்டி மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. ஒரு ஆளுக்கு 45 தெப்பம், தினம் ஒன்று அறுக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வளர்க்கும். வங்கி கடன் கொடுக்கும். கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. பல குடும்பங்களுக்குக் கையில் காசு வந்தது என்பதும் உண்மை. பன்னாட்டு மூலதனம் என்றாலே இழப்பு மட்டும்தான் என்று எழுதிப் பழகிய நாம் இதை மறைக்கக் கூடாது. உயிரைப் பணயம் வைத்து முங்குவதைவிட இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டுவது மேல் என்று ஒரு பெண் சொன்னால் அதை மறுக்க நான் யார்?

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஆபத்து எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். கடன் குழுவின் பெயரில். தெப்பம் புயலில் உடைந்தால் நட்டம் குழுவுக்கு. விலையைச் சொல்வது வாங்குகிறவர். வாங்குகிறவர் ஒருவர்தான். வேலைக்காரி என்றால் குறைந்தபட்சக் கூலி, காப்பீடு, வைப்புநிதி என்று சட்டம் வரும். இவர் 'தொழில்முனைவோர்', ஆகவே எந்தச் சட்டமும் வராது. ஒப்பந்த விவசாயம் என்ற சொல்லின் மந்திரம் இங்கேதான். உழைப்பு அப்படியே இருக்க, உழைப்பவளின் சட்ட அடையாளத்தை மாற்றிவிட்டால் பொறுப்பு காணாமல் போகிறது.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. காப்பாஃபைகஸைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்றது. நடுவில் கிடக்கும் மன்னார் வளைகுடா, அதாவது எங்கள் கடலாடிக் கரை, கோட்டுக்கு உள்ளே வந்தது. கோட்டைக் காகிதத்தில் போட்டார்கள். பாசி காகிதம் படிப்பதில்லை. 2008-இல் மதுரை ஆய்வாளர்கள் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் அது படர்ந்திருப்பதை 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இங்கே அது வித்து மூலம் பரவாது, கட்டுப்படுத்திவிடலாம் என்று கொண்டுவந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அதே 2008-இல் பெப்சிகோவின் பாசித்தொழில் அக்வாக்ரி என்ற இந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. பவளத்தின்மேல் படர்ந்ததை ஆள் வைத்துப் பிடுங்கும் வேலை வனத்துறைக்கு வந்தது, அதாவது பொதுப்பணத்துக்கு. 2013-ஐ ஒட்டி வளர்த்த பாசியே நோய்கண்டு வெப்பத்தில் வெளுத்தபோது தெப்பக்காரர்கள் பலர் தொழிலை விட்டார்கள்.

ஒரு கம்பெனி ஒரு கடலைவிட்டு வெளியேறும்போது என்னென்ன கணக்கு முடிக்க வேண்டும்? இயந்திரம், கட்டிடம், கையிருப்பு எல்லாம் கைமாற்றுப் பத்திரத்தில் வரும். பவளத்தில் ஒட்டியிருக்கிற பாசி எந்த வரியில் வரும்?

4

இதற்கிடையில் 'பொறுப்பு' யார் தலையில் விழுந்தது என்பதுதான் கதையின் அடுத்த பாகம்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் கடல் தேசியப் பூங்காவாகின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. எங்கள் கரைக்கு எதிரே கிடக்கும் நல்லதண்ணித் தீவும் அதில் ஒன்று. 2000-க்குப் பிறகு பன்னாட்டு நிதியோடு பாதுகாப்புப் பணி முடுக்கிவிடப்பட்டபோது, தீவோரம் பாசி எடுக்கப் போன பெண்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். வத்தை பறிமுதல், பாசி பறிமுதல், அபராதம். 2001-இல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபோதும் இதே கதை. வெளிநாட்டுச் சந்தைக்கு எடுக்கச் சொன்ன ஏற்றுமதியாளன் அல்ல, முங்கினவன்தான் முதலில் குற்றவாளி. அழிவைத் தூண்டிய தேவை உலகளாவியது. தண்டிக்கப்படும் உடல் உள்ளூர் உடல்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. பாம்பன் சின்னப்பாலம் முதல் பல கிராமத்துப் பெண்கள் கூடி விதி வகுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிப்பது. இனப்பெருக்க மாதங்களில் போகாமல் இருப்பது. சங்கம் வைத்து அதிகாரிகளோடு பேசினார்கள். அந்த இயக்கத்தின் தலைவி லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது. கம்பெனிகள் 'தன்னார்வ நெறிமுறை' என்று பளபளப்பான தாளில் அச்சடிப்பதை இவர்கள் தாளில்லாமல் செய்தார்கள். ஒரு வித்தியாசம்: கம்பெனி தன் நெறிமுறையை மீறினால் ஒன்றும் ஆகாது. இவர்கள் மீறினால் அடுத்த வருடம் பாசி இருக்காது.

சரி, சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்கள்மீது சமூக உரிமையை ஏற்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே சார்ந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். தீவுகளோடு இந்த மக்களின் உறவு பழையது. மீனுக்கும் விறகுக்கும் போனவர்கள்தான். ஆனால் வணிகப் பாசி எடுப்பு 1960களில் ஆலைகள் கேட்டதால் பெருகியது. சந்தை உருவாக்கிய வாழ்க்கைக்குச் சட்டம் ஆவணம் கேட்கிறது. ஆவணம் எது? பெரியம்மாவின் பானையில் கிடந்த, தேதியும் பெயரும் இல்லாத சீட்டு. அந்தச் சீட்டில் பெயர் இல்லாததால் வாங்கியவர் தப்பினார் என்று மட்டும்தான் முதலில் நினைத்திருந்தேன். கொடுத்தவளுக்கும் வரலாறு இல்லாமல் போனது என்பது பிறகுதான் உறைத்தது.

5

இப்போது ஜெனீவாவுக்குப் போவோம். பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு நடத்தை விதி எழுத ஐ.நா. 1970களிலேயே முயன்றது, 1992-இல் கைவிடப்பட்டது. 2003-இல் மனித உரிமை வரைவு நெறிகள் வந்தன. அடுத்த ஆண்டே ஓரங்கட்டப்பட்டன. பின்பு ஜான் ரக்கி சிறப்புப் பிரதிநிதியானார். 2011 ஜூனில் அவர் எழுதிய வழிகாட்டு நெறிகளை மனித உரிமைக் குழுமம் ஏற்றது. அரசு காக்க வேண்டும், கம்பெனி மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் வேண்டும் என்ற மூன்று கால் முக்காலி அது. அதன் நல்ல பகுதியைச் சொல்லிவிடுகிறேன்: ஆபத்து என்பது உரிமையாளராகிய மனிதருக்கு நேரும் ஆபத்து, கம்பெனிக்கு நேருவதல்ல என்று அது தெளிவாகச் சொன்னது. கடல்கட்டிக் காலத்துக் குழப்பத்தை எழுத்தில் தீர்த்த ஆவணம். குறை, அதற்குப் பல் கிடையாது. 2014-இல் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைக்காக ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும் தீர்மானம் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்தது. அதே ஒன்றியம் 2024-இல் விநியோகச் சங்கிலிப் பொறுப்புக்குச் சட்டம் இயற்றி, 2025-இல் அதன் அமலைத் தள்ளிப்போட்டது.

இங்கே? பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகள் பொறுப்பறிக்கை கொடுக்க வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. மதிப்புச் சங்கிலியையும் சொல்ல வேண்டும் என்று பிறகு வந்த விதி, தனித்தனியே கொள்முதலிலோ விற்பனையிலோ இரண்டு விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பங்காளிகளோடு நின்றுவிட்டது. எங்க பெரியம்மா வாழ்நாள் முழுக்க எடுத்த பாசியை ஒன்றாகக் குவித்தாலும் எந்தக் கம்பெனிக்கும் இரண்டு விழுக்காடு ஆகாது. அறிக்கையின் கண்ணிக்குள் விழாத மெலிந்த மீன் அவர்.

நம் சட்டம் பின்னோக்கியும் ஓடும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. வேலையிழப்போருக்கு ஆறு ஆண்டுக் கூலி இழப்பீடு என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, 1991 கடலோர அறிவிக்கையின் தடைகள் இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று எழுதியது, அதுவும் 1991 பிப்ரவரி 19-லிருந்தே. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் போய்த் தவறைத் தவறில்லாமல் ஆக்கினார்கள். முதலாளிக்காகச் சட்டம் 1991-க்குப் பயணம் போகும். பாசிக்காரியின் 75 ஆண்டுக்கு அது ஒரு அடி நகராது.

அரசு காக்க, கம்பெனி மதிக்க என்ற முக்காலியில் இரண்டு கால்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை இதே வளைகுடாவின் தென்கோடியில் 2018 மே 22-இல் பார்த்தோம். லண்டன் பங்குச்சந்தையில் தாய்க்கம்பெனி வைத்திருந்த ஒரு தாமிர ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது, 2024-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிவாரணம் என்ற மூன்றாவது கால் பிணங்களுக்குப் பிறகுதான் நடந்து வந்தது.

6

2023-இல் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேலான திட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மறுபடியும் குழுக்கள், கடன், தெப்பம், திரும்ப வாங்கும் வாக்குறுதி. எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடற்கரைப் பெண்களுக்கு வேலை வேண்டும். பெப்சி ஒழிக என்று சுவரெழுதிய நாம், பெப்சி போன பிறகு அந்தப் பெண்களின் கடனைப் பற்றி எத்தனை துண்டறிக்கை போட்டோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனியை எதிர்ப்பது எளிது, அதன் பெயர் நமக்குத் தெரியும். ஏஜெண்டையும் எடைக்கல்லையும் சீட்டையும் எதிர்க்க ஊருக்குள் இருக்க வேண்டும்.

என் கோரிக்கை சிறியது, ஆலோசனைக் கம்பெனிகளின் அறிக்கைகளில் இடம்பெறாத அளவுக்குச் சிறியது. பாசியோ உப்போ மீனோ, கரையில் வாங்கும் எவனும் கொடுக்கும் சீட்டில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: தேதி, எடை, விலை, கொடுத்தவர் பெயர், கடைசியாக வாங்கும் கம்பெனியின் பெயர். ஒரு படி கிராம சபையில் இருக்க வேண்டும். ஜெனீவாவின் முக்காலிக்குக் கீழே தரை வேண்டுமென்றால் அது இந்தக் காகிதம்தான். 75 ஆண்டு ஆதாரம் கேட்கிறவர்களுக்கு இன்றிலிருந்தாவது ஆதாரம் சேரும். கம்பெனி கைமாறிப் போகும்போது யாரிடம் என்ன பாக்கி என்று கேட்க முகவரி இருக்கும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. முட்டி மடங்குவதில்லை, காது பாதி மந்தம். சீட்டுக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, 'பேரு எழுதச் சொன்னா அவன் பாசியே வாங்க மாட்டேன்பானே ராசா, அப்ப என்ன செய்வ?' என்று கேட்டார்.

அதற்குப் பதில், எல்லோரும் சேர்ந்து இறங்கமாட்டோம் என்று சொல்வதுதான். குளியாட்கள் ஒருகாலத்தில் சொன்னது. அதை இன்றைக்குச் சொல்வதென்றால் எத்தனை நாள் அடுப்பு எரியாமல் இருக்க முடியும் என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.